மஸ்கட்காரர் பெண்டாட்டி வச்சுக்கிட்டது

ஜன்னல் பக்கம் நீயே உட்காரும்மா. எனக்கு இந்த ஓரம்தான் வசதி. ஜன்னலோரம் உட்கார்ந்தா பக்கத்துல ஒரு ஆளுதான். இங்கன்னா நிக்கிறவங்ககிட்டயும் ரெண்டு வார்த்தை பேசிக்கிட்டு வரலாம். நான் அதிகம் பேசுற ஆளு இல்ல. இருந்தாலும் பஸ்ல வாயை மூடிக்கிட்டு வந்தா எனக்குத் தலை சுத்தும்.

உன் மடியில இருக்கிற பச்சைக் கவரைப் பார்த்துட்டுத்தான் இந்த சீட்டுக்கு வந்தேன். அந்த மாடி ஆஸ்பத்திரி டாக்டரம்மா கவர்தானே அது? எங்கிட்டயும் பழசு ஒண்ணு இருக்கு, பாரு. ஸ்கேனா? சொல்ல வேண்டாம்மா. அடுத்தவங்க உடம்பைப் பத்திக் கேக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கட்டியா?

சரி, சொல்லாத. நீ சொல்லாட்டி என்ன, நான் சொல்றேன். நான் ஒரத்தநாட்டுல இறங்கணும். அதுக்குள்ள முடிச்சுடுவேன்.

என் பேரு தையல்நாயகி. எங்க ஊரு ரேஷன் கடையில எடை போட்டுக் கொடுக்கிற வேலை. அரிசி, சீனி, பருப்பு எல்லாம் என் கையாலதான் ஊருக்குப் போகுது. தையல் கை கொஞ்சம் இறுக்கம்னு சொல்லுவாங்க. தராசு பண்ற தப்புக்கு நான் என்ன பண்றது. எங்க வீட்டுக்காரரு மஸ்கட்ல ஏசி மெக்கானிக். கல்யாணம் ஆன மறு வருஷம் போனவரு, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மாச லீவுல வருவாரு. ஒரே பையன், கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல இருந்து படிக்கிறான். ஆக வீட்டுல நானும் ஒரு பிரிட்ஜும்தான்.

ஒரு மாச லீவுன்னு சொன்னேனில்ல, அந்த ஒரு மாசத்துக்குள்ள எனக்குத் தேதி வரக்கூடாது. இது நான் போட்ட சட்டம் இல்ல. எங்க வீட்டுக்காரரோட அக்கா, பவுனம்மா அண்ணி போட்ட சட்டம். தம்பி லீவு போட்டுட்டான்னு சேதி வந்ததும் அண்ணி மெடிக்கலுக்குப் போயி, தள்ளிப் போடுற மாத்திரையை வாங்கிட்டு வந்து என் உள்ளங்கையில வச்சிடும். "ரெண்டு வருஷம் கழிச்சு வர்றான், நீ மூலையில உட்கார்ந்துட்டீன்னா எப்படி?"ன்னு கேக்கும். அவரு வந்தா மாத்திரை. குலசாமிக்குப் படையல்னா மாத்திரை. அண்ணி மக கல்யாணத்துக்கு மாத்திரை, அந்தப் புள்ளை வளைகாப்புக்கு மாத்திரை, பேரனுக்குக் காது குத்துனதுக்கு மாத்திரை, எங்க வீட்டுல பால் காய்ச்சினதுக்கும் மாத்திரை. நானும் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல. மிட்டாய் மாதிரி முழுங்கினேன். எந்த விசேஷத்துக்கும் இடைஞ்சல் பண்ணாத உடம்புன்னு எனக்குப் பெருமை வேற.

நாப்பதைத் தாண்டினதும் ஆரம்பிச்சுச்சும்மா. முன்னயெல்லாம் வந்த வழி தெரியாம போயிடும். இப்ப வந்தா, கோவிச்சுக்கிட்டு வந்த சொந்தக்காரங்க மாதிரி பெட்டியை வச்சுட்டு உட்கார்ந்துக்கும். கிளம்புற பேச்சே கிடையாது. கட்டி கட்டியாப் போகும். ரேஷன் கடையில கக்கூசு இல்ல, பின்பக்கம் கருவேலங்காடுதான். வரிசையில ஊரே நிக்கும்போது அரிசியைக் கொட்டிட்டு நான் எங்க ஓடுறது? அதனால ஒரு யோசனை பண்ணினேன். எப்பவும் சிவப்புச் சேலை. சிவப்பு, இல்லாட்டி அரக்கு. கறை தெரியாதுல்ல.

பார்த்தவங்க என்ன நினைச்சாங்க தெரியுமா? மேல்மருவத்தூருக்கு மாலை போட்டிருக்கேன்னு நினைச்சுட்டாங்க. "வாங்க சக்தி, சீனி வந்துருச்சா சக்தி"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. இல்லன்னு சொன்னா ஏன் சிவப்புன்னு கேப்பாங்களே, நானும் சக்தியாவே இருந்துட்டேன். ஒரு அம்மா வந்து மகளுக்கு வரன் எப்ப அமையும்னு எங்கிட்ட குறி கேட்டுச்சு. ஆடி கழியட்டும்னேன். ஆவணியில அமைஞ்சுடுச்சு. அதுக்கப்புறம் நான் சீனியைக் குறைச்சுப் போட்டாக்கூட யாரும் வாயைத் திறக்கல.

சக்தி ஒரு நாள் துவரம்பருப்பு மூட்டை மேல மயங்கி விழுந்துட்டா.

கடையில எங்கூட இருக்கிறவரு சிங்காரவேலு. அவருதான் விற்பனையாளர். மெஷின்ல விரல் வச்சுப் பில்லு போடுறது அவரு, எடை போடுறது நான். கண்ணைத் திறந்து பார்த்தா, பருப்பு நனைஞ்சுடும்னு எட்ட நின்னு எம்மேல தண்ணி தெளிக்கிறாரு. ஒரு சொட்டுகூட வந்து சேரல. எங்க கிராம நர்ஸ் ஜெசிந்தா ஓடி வந்து கண்ணு இமையை இழுத்துப் பார்த்துச்சு. "அக்கா, உங்க உடம்புல ரத்தமே இல்ல. இன்னைக்கே தஞ்சாவூர் போங்க"ன்னுச்சு.

அண்ணிதான் கூட்டிட்டு வந்துச்சு. அதைச் சொல்லணும், நல்லதையும் சொல்லணும்ல. இந்த டாக்டரம்மா எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்தாங்க. உள்ளேயிருந்து ஒரு துளி சதை எடுத்தும் சோதிச்சாங்க. கெட்டது எதுவும் இல்ல. ஆனா ரத்தத்துல ஹீமோகுளோபின் ஆறுதான் இருந்துச்சு, பன்னெண்டு இருக்கணுமாம். ரெண்டு பாட்டில் ஏத்தினாங்க. அண்ணி பக்கத்துல நின்னுக்கிட்டு, "எடுத்து விட்டுடுங்க டாக்டர், எங்க தெருவுல எல்லாருக்கும் எடுத்தாச்சு, இவ ஒருத்திதான் இன்னும் வச்சுக்கிட்டு இருக்கா"ங்குது. கர்ப்பப்பையைச் சொல்லுது. ஏதோ பழைய டிவி மாதிரி.

டாக்டரம்மா பார்க்கத்தான் சின்னப் புள்ளை. அண்ணி எளநீ வாங்கப் போற வரைக்கும் பேசாம இருந்தாங்க. போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாங்க.

"உங்களுக்கு எடுக்கணும்னு அவசியம் இல்லம்மா. கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற மாதிரி ஒரு சின்ன சாதனம் இருக்கு. காப்பர் டி பார்த்திருப்பீங்களே, அதே வடிவம். ஆனா இதுல காப்பர் இல்ல, ஹார்மோன் மருந்து. கொஞ்சம் கொஞ்சமா உள்ளேயே கசியும். ரத்தப்போக்கு நல்லாக் குறையும். சிலருக்குச் சுத்தமா நின்னுடும். வருஷக் கணக்குல தாங்கும்."

"நின்னுடுமா? நின்னா கெட்ட ரத்தம் உள்ளேயே தங்காதா?"

"தங்கறதுக்கு அங்க ஒண்ணும் சேராதும்மா. சேர்ந்தாத்தானே வெளிய வரணும்."

அது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அதோட விட்டிருக்கலாம். மறைக்காம சொல்லணும்னு நினைச்சாங்க போல. "இது கருத்தடைக்காக வந்ததுதான். ஆனா உங்கள மாதிரி நிறையப் பேருக்கு ரத்தப்போக்குக்காக வைக்கிறோம்"னாங்க.

நான் சொன்னேன், "டாக்டர், எங்க வீட்டுக்காரரு மஸ்கட்ல இருக்காரு."

"அதனால என்னம்மா?"

"மஸ்கட்ல இருந்துக்கிட்டு அவரால எனக்கு என்ன ஆயிடப் போகுது? கருத்தடை எனக்குத் தேவையே இல்லியே."

அந்தப் பொண்ணு சிரிப்பை அடக்கிக்கிட்டு, "அது இலவச இணைப்புன்னு வச்சுக்கங்க"ன்னாங்க.

பழைய மாத்திரையாலதான் இப்படி ஆச்சான்னும் கேட்டேன். அதனால இல்ல, ஆனா டாக்டரைக் கேக்காம விசேஷத்துக்கு விசேஷம் அப்படி முழுங்கினது தப்புன்னு ஒரு திட்டு விழுந்துச்சு. அப்புறம் வச்சு விட்டாங்க. வலி இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். பல்லைக் கடிச்சுக்கிட்டேன். எளநீயோட வந்த அண்ணிகிட்ட ஊசி போட்டாங்கன்னு சொல்லிட்டேன். யார்கிட்டயும் மூச்சு விடலம்மா. என் வாய் அப்படி. பூட்டின பெட்டி.

ஜெசிந்தாகிட்ட மட்டும் சொன்னேன். சொல்லாம என்ன பண்றது? முதல் ரெண்டு மூணு மாசம் பொட்டுப் பொட்டாக் கசியும்னு டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினாங்க. ஆனா கசியும்போது பயம் வருமில்ல. போன் பண்ணிக் கேட்டேன். "அதெல்லாம் சரியாயிடும்க்கா"ன்னுச்சு. சரியாவும் ஆச்சு. ஒரு மாசம் பார்த்தேன், கறை மாதிரி. மறு மாசம் பார்த்தேன், அதுவும் இல்ல. அன்னைக்கு பீரோவைத் திறந்து ஒரு சந்தனக் கலர் சேலை எடுத்துக் கட்டினேன் பாரு. கண்ணாடியில யாரோ வாத்தியாரம்மா மாதிரி இருந்துச்சு.

அந்தச் சேலையோட கடையில நிக்கிறேன். மாசக் கடைசி, வரிசை ரோடு வரைக்கும். ஜெசிந்தா ஸ்கூட்டியை நிறுத்திட்டு அங்கேருந்தே சத்தம் போடுது. "அக்கா, லூப் போட்டதுதான் போட்டீங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா என் குடும்பக் கட்டுப்பாட்டுக் கணக்குல சேர்ந்திருக்குமே. இந்த மாசம் எனக்கு ஆளு குறையுது."

அது பாவம், அதோட வேலைக் கவலை அதுக்கு. வரிசையில எல்லாத் தலையும் எம்பக்கம் திரும்புச்சு. நான் சீனியை அள்ளின கரண்டியோட நிக்கிறேன். யாரு என்ன நினைக்கிறாங்கன்னு ஒவ்வொரு மூஞ்சியிலயும் தெரியுது. புருஷன் மஸ்கட்ல. இவ லூப் போட்டிருக்கா. ரெண்டையும் கூட்டத் தெரியாதவங்க எங்க ஊர்ல யாரும் இல்ல.

எங்க ஊரு ரேஷன் வரிசையைப் பத்தி உனக்குத் தெரியாதும்மா. போன வருஷம் வாத்தியார் மக, காலேஜ் படிக்கிற புள்ளை, மெடிக்கல்ல மாச மாத்திரை வாங்கினா. கருத்தடை மாத்திரை. நான் பக்கத்துல தைலம் வாங்கிக்கிட்டு நின்னேன். கண்ணால பார்த்ததை மட்டும்தான் வரிசையில சொன்னேன், ஒரு சொல்லு கூட்டல. அது ஏதோ நீர்க்கட்டிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்ததாம். பொண்ணு பார்க்க வர்றேன்னு சொன்னவங்க கடைசியில வரவே இல்ல. ஊரு வாய் அவ்வளவு பொல்லாதது.

ஆளு வேணும்ல? லூப்புக்கு ஒரு ஆளு வேணும்ல? ஊரே தேடுச்சு. தேடித் தேடி யாரைக் கண்டுபிடிச்சாங்க தெரியுமா? சிங்காரவேலுவை.

அவருக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மெண்ட். சர்க்கரை. பல்லு செட்டு. குடலிறக்கத்துக்குப் பட்டை கட்டிக்கிட்டு வர்றாரு, எழுந்திருக்கும்போது ஒரு கையால மேசையைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால அதைப் பிடிச்சுக்குவாரு. எனக்கு அவமானம்னா இதுதான்மா அவமானம். ஊரு சேர்த்து வைக்கிறதுதான் வைக்குது, கொஞ்சம் பார்த்து வைக்கக் கூடாதா? அரிசி லாரி ஓட்டிட்டு வர்ற டிரைவர் நல்லா கட்டுமஸ்தா இருப்பான். அவனை யாருமே நினைக்கல. நான் அழுதேன்னா பாதி அதுக்காகத்தான் அழுதேன்.

சிங்காரவேலு காதுக்கும் போச்சு. மனுஷன் கோவப்படுவாருன்னு பார்த்தேன். மறு வாரம் தலைக்கு மை அடிச்சுட்டு வந்தாரு.

அண்ணி வந்துச்சு. வந்து உட்கார்ந்து, கொடுத்த காபியைத் தொடல. எங்க பக்கம் காபியைத் தொடலன்னா சண்டைக்கு வந்திருக்குன்னு அர்த்தம்.

"என் தம்பி ஊர்ல இல்ல."

"இல்ல அண்ணி."

"அப்ப எதுக்கு அது?"

"ரத்தம் நிக்கிறதுக்கு."

"ரத்தம் நிக்க ஊசி போட்டதாத்தானே சொன்ன? மருந்துன்னா வாயில போட வேண்டியதுதானே. அதைக் கொண்டு போயி ஏன் அங்க வைக்கணும்?"

"ரத்தம் அங்கேருந்துதானே அண்ணி வருது."

அண்ணி முந்தானையால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டே இருந்துச்சு. நான் கேட்டேன், "இத்தனை வருஷமா நீங்களே வாங்கிக் கொடுத்தீங்களே அண்ணி, தள்ளிப் போடுறதுக்கு. உங்க மக கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு. அப்ப நிறுத்தினது தப்பில்லையா?"

"அது சாமி காரியம். குடும்பத்துக் காரியம்."

இது என் காரியம்னு சொல்லணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா காபி ஆறுதுன்னுதான் சொன்னேன். அண்ணி குடிக்காமலே போயிடுச்சு. அந்தக் காபியையும் நானே குடிச்சேன்.

அன்னைக்குச் சாயந்திரமே அண்ணி மஸ்கட்டுக்குப் பேசிடுச்சு. எப்படித் தெரியும்னா, சொல்லிட்டுத்தான் பேசுச்சு. போனையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அவரு என்ன கேப்பாரோ, நான் என்ன சொல்றதோன்னு. போன் வந்துச்சு. அவரு ஒண்ணுமே கேக்கலம்மா. ஒரு வார்த்தை கேக்கல. அந்த விஷயத்துல நான் கொடுத்து வச்சவ. என் மேல அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அதுக்கப்புறம்தான் அவருக்கு வீட்டு மேல திடீர்னு பாசம் வந்துச்சு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பேசுறவரு, தினம் வீடியோல வர்றாரு. காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. "நாயகி, போனை அப்படியே சுத்திக் காட்டு, வெள்ளை அடிக்கணும், செவுரு எப்படி இருக்குன்னு பார்க்கிறேன்"பாரு. காட்டுவேன். "பின் கதவு தாழ்ப்பாள் சரியா இருக்கா?"ம்பாரு. காட்டுவேன். ஒரு நாள் கட்டிலுக்கு அடியில காட்டச் சொன்னாரு, கரையான் இருக்கான்னு பார்க்க. இரும்புக் கட்டில்மா. இருந்தாலும் ஆம்பளை கேக்கிறாரே, நான் குனிஞ்சு காட்டினேன். காட்டுறதுக்கு முன்னாடி ஓட்டடை அடிச்சு, கூட்டி, துடைச்சு வச்சுட்டேன். நம்ம வீட்டுக் கட்டிலுக்கு அடியில குப்பை இருக்குன்னு மஸ்கட்ல நினைச்சுடக் கூடாதுல்ல.

ஏன் சிரிக்கிற? நீ இன்னும் சின்னப் பொண்ணு. ஆம்பளைங்க பாசத்தைக் கரையான், தாழ்ப்பாள்னு ஏதாவது சாக்கு வச்சுத்தான் காட்டுவாங்க.

அப்புறம் ஒரு நாள் விடியக்காலையில அரிசி லோடு வந்துடுச்சு. கடைச் சாவி எங்கிட்ட. லாரி நிக்குது, ஆளுங்க அவசரப்படுறாங்கன்னு சிங்காரவேலு வீட்டுக்கே வந்துட்டாரு. அவரு எங்க வீட்டுப் படி ஏறினது அன்னைக்குத்தான் முதல் தடவை. மூச்சு வாங்குது. வந்த மனுஷனை நிக்க வச்சா அனுப்ப முடியும்? உட்காருங்க, காபி குடிங்கன்னேன். சர்க்கரை இல்லாம கொடுத்தேன். அந்தப் பக்கம் சாவியைத் தேடுறேன்.

வாசல்ல ஆட்டோ நிக்கிற சத்தம். பார்த்தா எங்க வீட்டுக்காரரு. பெட்டியோட. லீவு நேரமும் இல்ல, சேதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உனக்கு ஒரு சர்ப்ரைஸ் கொடுக்கலாம்னுதான் சொல்லலன்னு பின்னாடி சொன்னாரு.

உள்ள வந்தவரு நாற்காலியில உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்தாரு. மை அடிச்ச தலை. கையில டம்ளர். மாமியாருக்கு முன்னால மருமக மாதிரி வெடுக்குனு எழுந்திரிச்ச சிங்காரவேலு, அவசரத்துல ஒரு கையால மேசையையும் இன்னொரு கையால மத்ததையும் பிடிச்சுக்கிட்டு, "வாங்க, வாங்க, சௌக்கியமா"ங்கிறாரு. பல்லு செட்டு லேசா நழுவுது.

எங்க வீட்டுக்காரரு அவரை மேல இருந்து கீழ வரைக்கும் பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு. திரும்பவும் அவரைப் பார்த்தாரு.

"இவரா?"ன்னாரு.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை. ஆமாம், இவருதான் எங்க சேல்ஸ்மேன்னு நான் அறிமுகம் பண்ணி வச்சேன். எங்க வீட்டுக்காரரு பெட்டியைக் கீழ வச்சுட்டு, வாசப்படியிலயே உட்கார்ந்துட்டாரு. தோளு குலுங்குது. சத்தமே இல்லாம சிரிக்கிறாரு, கண்ணுல தண்ணி வருது. அவ்வளவு நாள் கழிச்சு வீட்டைப் பார்த்த சந்தோஷம்னு நான் தண்ணி கொண்டு வந்து கொடுத்தேன். சிங்காரவேலுக்குத்தான் முகம் சுண்டிப் போச்சு. கடைக்குப் போனதும், "என்னைப் பார்த்தா அவருக்கு எப்படித் தெரியுது? நானும் ஒரு காலத்துல வாலிபால் ஆடினவன்தான்"னு முணுமுணுத்தாரு. அன்னைக்கு முழுக்கப் பில்லை அழுத்தி அழுத்திக் கிழிச்சாரு.

தம்பி வந்த சேதி தெரிஞ்சு அண்ணி வந்துச்சு. வந்ததும் என்ன பண்ணுச்சு தெரியுமா? இத்தனை நடந்த பிறகும், இடுப்புச் சுருக்குப் பையிலேருந்து மாத்திரை அட்டையை எடுத்து எங்கையில வச்சுச்சு. ஆயிரம் இருந்தாலும் தம்பி லீவுல வந்திருக்கான்ல. வாங்கிப் பழகின கை, நானும் வாங்கிட்டேன். வாங்கிட்டுப் பார்க்கிறேன். இத்தனை வருஷத்து மாத்திரையும் ஒரே அட்டையா எங்கையில இருக்கிற மாதிரி ஒரு கனம்.

"எனக்கு இது வேண்டாம் அண்ணி. எனக்கே நின்னு போச்சு. யார் லீவுக்காகவும் நிக்கல, யார் வீட்டு விசேஷத்துக்காகவும் நிக்கல. எனக்காக நின்னுருக்கு."

இதை நான் சொன்னேன்னா நம்புவியா? சொன்னேன். அடுப்படிக்குள்ள போயி, குழாயைத் திறந்து விட்டுட்டுச் சொன்னேன். அண்ணிக்குக் கேட்டிருக்காது. ஆனா சொன்னது சொன்னதுதான்.

அந்த லீவுல செக்கப்புக்கு வரணும். நானும் வர்றேன்னு அவரு கிளம்பிட்டாரு. இதே பஸ்தான். டாக்டரம்மா அவரை உட்கார வச்சு மேசை மேல இருந்த ஒரு மாதிரியை எடுத்துக் காட்டினாங்க. சின்னதா, வெள்ளையா, தீக்குச்சி உயரம்கூட இருக்காது. கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. மெக்கானிக் இல்லியா.

"இவ்வளவுதானா?"ன்னாரு. அப்புறம், "இதுல கேஸ் தீர்ந்தா மாத்தணுமா டாக்டர்?"னு கேட்டாரு. எனக்கு மூஞ்சியைக் கொண்டு போயி எங்க வைக்கிறதுன்னு தெரியல. டாக்டரம்மா கௌரவமா, "மருந்து தீர்ந்தா மாத்தலாம். அதுக்குள்ள இவங்களுக்கு வயசாகித் தானா நின்னாலும் நின்னுடும்"னாங்க.

அதோட சும்மா இல்லாம பழைய பேப்பரைப் புரட்டினாங்க. "முதல் நாள் பருப்பு மூட்டை மேல மயங்கி விழுந்துட்டு வந்தாங்க, ரத்தம் ஆறு, ரெண்டு பாட்டில் ஏத்தினோம். இந்த மாடிப்படியை நடந்தே ஏறி வந்திருக்காங்க. எப்படி ஏறினாங்கன்னு எனக்கு இன்னைக்கும் புரியல. நீங்க ஊர்ல இருந்திருந்தா முன்னாடியே கூட்டிட்டு வந்திருப்பீங்க"ன்னாங்க. குத்திக் காட்டணும்னு சொல்லல. சும்மா சொன்னதுதான்.

வெளிய வந்தோம். அவரு இறங்காம அந்த மாடிப்படியிலயே உட்கார்ந்துட்டாரு. ஏறுறவங்க இறங்குறவங்க எல்லாம் சுத்திக்கிட்டுப் போறாங்க.

"ரத்தம் ஏத்தினதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அங்க தனியா இருப்பீங்க, பயந்துடுவீங்கன்னுதான். அண்ணியையும் சொல்ல வேண்டாம்னுட்டேன்."

"பருப்பு மூட்டை மேல விழுந்ததை?"

"விழுந்து எந்திரிச்சாச்சு. அதுல சொல்ல என்ன இருக்கு."

குனிஞ்சு செருப்பு வாரைச் சரி பண்ணினாரு. அவரு கழுத்துப் பக்கம் முடியெல்லாம் நரைச்சிருக்கு. வீடியோல அது தெரியல எனக்கு. "அக்கா போன் பண்ணினப்ப நான்..."னு ஆரம்பிச்சாரு. மறுபடியும், "அக்கா சொன்னப்ப நான் என்ன நினைச்சேன்னா, நாயகி..."

"பஸ்ஸு போயிடும், எந்திரிங்க"ன்னேன்.

அவரு நிமிர்ந்து பார்த்தாரு. நான் கையை நீட்டினேன். பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சாரு.

அவரு என்ன சொல்ல வந்தாருன்னு எனக்குத் தெரியாதும்மா. அந்த வீடியோ எல்லாம் பாசம்னு அப்ப நினைச்சேன், இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன். அப்படி நினைச்சாத்தான் சோறு இறங்கும்.

அந்த ஒரு மாசமும் நாங்க எங்கயும் போகல, எந்த விசேஷமும் இல்ல. கடை விட்டு வந்தா மனுஷன் முருங்கைக்கீரை ஆய்ஞ்சு வச்சிருப்பாரு. காம்பும் இலையும் ஒண்ணாக் கிடக்கும். ருசியாத்தான் இருந்துச்சு. கிளம்புற அன்னைக்குத்தான் எனக்கு உறைக்குது, ஒரு மாசத்துல ஒரு நாள்கூட நான் காலண்டரைப் பார்க்கல.

போயிட்டாரு. போயும் தினம் பேசுறாரு. இப்ப செவுரு, தாழ்ப்பாள் எதுவும் வேண்டாம் அவருக்கு. "ஹீமோகுளோபின் எவ்வளவு?"ன்னு மட்டும்தான் கேப்பாரு. காது கொஞ்சம் மந்தம், ஏசி சத்தத்துலயே இருந்து இருந்து. அதனால கத்திக் கேப்பாரு. நானும் கத்திச் சொல்லுவேன். அங்க ஒரு ரூம்ல ஏழு பேரு. மஸ்கட்ல ஏழு ஆம்பளைங்களுக்கு இன்னைக்கு என் ஹீமோகுளோபின் தெரியும்மா. பத்தரை ஆச்சுன்னு சொன்ன அன்னைக்கு அந்த ரூம்ல யாரோ கை தட்டினாங்க. மானம் மரியாதையெல்லாம் கடல் தாண்டிப் போயாச்சு.

அதுல ஒருத்தரு, மன்னார்குடிப் பக்கத்து ஆளு, தனியா எங்க வீட்டுக்காரர்கிட்ட வந்து, "அண்ணே, எங்க வீட்டுலயும் இப்படித்தான் இருக்கு, யார்கிட்டயும் சொல்லத் தெரியாம இருக்கா"ன்னு சொன்னாராம். இவரு என் நம்பரைக் கொடுத்துட்டாரு. அந்த மன்னார்குடிக்காரர் பெண்டாட்டி எனக்குப் போன் பண்ணுச்சு. முதல் தடவை அழுதுச்சு, பேசவே இல்ல. ரெண்டாவது தடவை பேசுச்சு. இன்னைக்குக் காலையில நான்தான் பஸ் ஸ்டாண்டுல நின்னு கூட்டிட்டுப் போயி டாக்டரம்மாகிட்ட உட்கார வச்சுட்டு வர்றேன். என் செக்கப்பு அடுத்த மாசம்தான். புருஷனும் ஊர்ல இல்லாதப்ப ஊரு என்ன சொல்லுமோன்னு அதுக்குப் பயம். சின்ன ஊரு, மாமியார் வேற ஒரு மாதிரி. நீகூடப் பார்த்திருப்பியே, பெஞ்சு ஓரத்துல தலையைக் குனிஞ்சுக்கிட்டு, நீலச் சுடிதாரு, பேரு வந்து...

இல்லம்மா. பேரு வேண்டாம்.

ஒரத்தநாடு வந்துடுச்சு. கொஞ்சம் காலை ஒதுக்கு, நான் பையை எடுத்துக்கிறேன்.